மிஸியம்மாவைக் கேளுங்கள்: பின் விறாந்தை அடுப்பு

போன இதழில் பெண் பிள்ளைகளின் இரத்தச்சோகை பற்றி ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதில் போகிற போக்கில், கம்பஸ் பிள்ளைகள் காலையில் வெறும் தேத்தண்ணியோடு பஸ் ஏறுவதைப் பார்க்க மனம் கேட்கவில்லை என்று ஒரு வரி வந்துவிட்டது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரிக்கு வந்தவை. அதனால் இம்முறை மற்றக் கேள்விகளை எடுத்து வைத்துவிட்டு, பக்கம் முழுவதையும் மாணவர்களின் சாப்பாட்டுக்கே கொடுக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: திருகோணமலையில் 31 வருடம் தாய், பிள்ளை நலம் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது மிஸியம்மாவாக, இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது உப்புவெளியில் என் வீட்டுப் பின் அறைகள் இரண்டில் கம்பஸ் பிள்ளைகள் நான்கு பேர் தங்கியிருக்கிறார்கள். கீழே எழுதுவதில் பாதி கிளினிக்கில் கற்றது, பாதி அந்தப் பிள்ளைகள் சமைக்கும்போது பார்த்தது.

கேள்வி: அன்ரி, நான் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் வருடம். ஊர் முல்லைத்தீவுப் பக்கம். மகாபொலப் புலமைப்பரிசில் காசையும் வீட்டில் அனுப்புவதையும் சேர்த்தால், ரூம் வாடகை, பஸ், போட்டோகொப்பி எல்லாம் போகச் சாப்பாட்டுக்கு மாதம் 12,000 ரூபாய் மிஞ்சும். மத்தியானம் 300 ரூபாய்க்கு ஒரு பார்சல், காலையில் தேத்தண்ணி, இரவில் பணிஸ் அல்லது பிஸ்கட். போன மாதம் விரிவுரை நடக்கும்போது தலை சுற்றி மேசையில் சாய்ந்துவிட்டேன். இந்தக் காசில் ஒழுங்காகச் சாப்பிட முடியுமா? அம்மாவுக்கு எதுவும் சொல்லவில்லை. பெயர் போட வேண்டாம்.

பதில்: மகள், சாப்பாட்டைப் பற்றிக் கதைக்க முதல் ஒரு வேலை இருக்கிறது. வகுப்பு இல்லாத ஒரு காலையில் பெரியாஸ்பத்திரிக்குப் போய், வெளிநோயாளர் பிரிவில் நம்பர் எடுத்து, தலை சுற்றியதைச் சொல்லுங்கள். இரத்தம் சோதிக்க வேண்டும் என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். காசு கேட்க மாட்டார்கள். கர்ப்பம் தரிக்காத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது இரத்தச்சோகை. அப்படி இருந்தால் கீரையையும் மீனையும் மட்டும் நம்பியிருக்க முடியாது. டொக்டர் தரும் இரும்புக் குளிசையை மாதக்கணக்கில் விடாமல் எடுக்க வேண்டும். ஏறிய அளவைத் திரும்ப விழாமல் பிடித்து வைப்பது சாப்பாட்டின் வேலை.

இனி உங்கள் கேள்வி. முடியும். ஆனால் தினமும் பார்சல் வாங்கிக்கொண்டு முடியாது. 300 ரூபாய்ப் பார்சல் முப்பது நாளைக்கு 9,000. உங்கள் காசில் முக்கால் பங்கு ஒரே வேளைக்குப் போய்விடுகிறது. மிச்ச இரண்டு வேளைக்கும் நாளுக்கு 100 ரூபாய் இருக்கிறது. அந்தப் பார்சலையும் நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். சோறு நிறைய இருக்கும். பருப்பு தண்ணீராக இருக்கும். மீன் துண்டு இரண்டு விரல் அகலம். கீரை சில நாள் ஒரு கரண்டி, சில நாள் இல்லவே இல்லை. கடைக்காரரில் பிழை சொல்ல மாட்டேன், அவரும் காஸ், தேங்காய், கூலி எல்லாம் பார்க்க வேண்டும். வயிறு நிரம்பும், இரண்டு மணிக்கு நித்திரை வரும், ஐந்து மணிக்குத் திரும்பப் பசிக்கும்.

உடம்பு கேட்பது எவ்வளவு என்று பார்ப்போம். ஐம்பது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 40 கிராம் புரதம் வேண்டும். ஒன்றரைச் சுண்டு அரிசி, அதாவது 300 கிராம் அளவு, அதிலேயே 20 கிராம் இருக்கிறது. ஒரு கைப்பிடி நிறைய மைசூர்ப் பருப்பு, 60 கிராம் வரும், அதில் 14 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். கூட்டிப் பாருங்கள், 40 வந்துவிட்டது. இன்னும் மீன் வாங்கவில்லை, பால்மா வாங்கவில்லை, கோழியைத் திரும்பியும் பார்க்கவில்லை. சோற்றுப் புரதத்தில் குறைவாக உள்ளதைப் பருப்பு நிரப்பும், பருப்பில் குறைவதைச் சோறு நிரப்பும். நம்முடைய அம்மம்மாமார் இரண்டையும் ஒரே கோப்பையில் போட்டதில் நல்ல காரணம் இருக்கிறது. ஒரு கோழிக் கொத்து வாங்கும் காசில் ஒரு கிலோ பருப்பும் ஐந்து முட்டையும் வாங்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2022இல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனம் வரிசையில் நின்ற காலம். என் பின் அறையில் மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அமைதியான பிள்ளை. சாப்பிட்டாயா என்று கேட்டால் "ஓம் அன்ரி, கம்பஸில் சாப்பிட்டேன்" என்பாள். ஒரு பின்னேரம் கிணற்றடியில் வாளியோடு விழுந்தாள். மடியில் கிடத்தித் தண்ணீர் தெளித்துக் கேட்டபோதுதான் சொன்னாள், தகப்பனுக்கு வேலை இல்லை, தன் காசில் பாதியைத் தம்பியின் டியூஷனுக்கு அனுப்புகிறாள், மூன்று கிழமையாகத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான் சாப்பாடு. 31 வருடம் ஊரெல்லாம் பிள்ளைகளின் எடையை நிறுத்து எழுதியவள் நான். என் வீட்டுக்குள் ஒரு பிள்ளை மெலிந்துகொண்டு போனதை நான் காணவில்லை. அது இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. அந்தக் கிழமையே பின் விறாந்தையில் ஒரு விறகு அடுப்பைப் போட்டு, இனி எல்லாரும் ஒரே பானையில் சமைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இப்போது அதே இடத்தில் காஸ் அடுப்பு இருக்கிறது. பிள்ளைகள் மாறிவிட்டார்கள், பானை மாறவில்லை.

அதனால் மகள், நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இன்னும் இரண்டு பேரையாவது சேர்ப்பது. ஒரு ஆளுக்குச் சமைப்பதில் காசும் வீண், நேரமும் வீண். பாதித் தேங்காய் பழுதாகும், அரைக் கட்டுக் கீரை வாடும், ஒரு பிடி பருப்புக்கும் அதே காஸ் எரியும்.

எங்கள் பிள்ளைகள் ஒரு கொப்பியில் கணக்கு எழுதுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு ஆளுக்கு ஒரு கிழமைக்கு அரிசி 2 கிலோ, மைசூர்ப் பருப்பு 400 கிராம், முட்டை 7, பயறோ கடலையோ கௌபியோ 250 கிராம், தேங்காய் ஒன்றரை, சின்ன மீன் அரைக் கிலோ, கீரை 3 கட்டு, பூசணி, வெண்டி, கத்தரி போல அன்றைக்கு மலிந்த மரக்கறி ஒரு கிலோ, வாழைப்பழம், தேசிக்காய், பிறகு எண்ணெய், வெங்காயம், தூள் வகை. எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய் அளவில் வருகிறது. தேங்காய் விலை ஏறும் கிழமையில் கூடும். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் நான்கு பேருக்கு ஐந்து கிழமை ஓடுகிறது, அதையும் நாலாகப் பிரிக்கிறார்கள். உங்கள் 12,000க்குள் நிற்கும், ஆனால் மிஞ்சாது. அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அரிசி வாங்கும்போது தம்பலகாமத்துச் சிவப்பு நாட்டரிசி கிடைத்தால் அதை எடுங்கள். தவிடு முழுக்கப் போகாத அரிசியில் பி1 விற்றமினும் நாரும் இருக்கும், பசியும் தாமதித்து வரும். நாலைந்து தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டாம், இரண்டு தண்ணீர் காணும்.

காலையில் ஒருவர் ஐந்தரைக்கு எழும்பிச் சோறு போடுகிறார். முதல் நாள் பின்னேரம் வைத்த பருப்பையோ புளிவிட்ட மீன் குழம்பையோ நன்றாகக் கொதிக்க வைத்து எல்லாருடைய சாப்பாட்டுப் பெட்டியிலும் போட்டுவிடுவார். முறை வைத்திருப்பதால் ஒருவருக்கு நாலு நாளைக்கு ஒருமுறைதான் அந்த வேலை வரும். காலைச் சாப்பாட்டுக்கு ஊறவைத்த பயறை அவித்துத் தேங்காய்ப்பூ, உப்பு போட்டது, அல்லது புட்டும் வாழைப்பழமும். இரவுச் சோறு மிஞ்சினால் ஆறியவுடன் கொதித்தாறிய தண்ணீரை ஊற்றி மூடி வைத்து, விடிய வேளைக்கே தயிர், சின்ன வெங்காயம், பச்சைமிளகாயோடு பழஞ்சோறாகச் சாப்பிடுகிறார்கள். மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கினால் நாலு பேருக்கு இரண்டு நாள் வரும்.

தேத்தண்ணியை விடச் சொல்லி நான் கேட்க மாட்டேன், நானே விடவில்லை. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். தேயிலையில் உள்ள துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுக்க விடாமல் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். முருங்கைக்கீரை வறைக்கு அடுப்பை நிறுத்தியபின் பாதித் தேசிக்காய் பிழியுங்கள். அதன் புளிப்பில் இருக்கும் விற்றமின் சி இரும்பை உள்ளே எடுக்க உதவும். மாதவிடாயில் இரத்தம் இழக்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பழக்கமும் செலவில்லாத மருந்து. முருங்கைக்கு உப்புவெளியில் காசு கொடுக்கவும் தேவையில்லை, பக்கத்து வளவில் கேட்டால் ஒரு கொப்பையே முறித்துத் தருவார்கள்.

கடைசியாக, அம்மாவுக்குச் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள். காசு அனுப்பச் சொல்லி இல்லை, தலை சுற்றிச் சாய்ந்ததைச் சொல்லி. அவர் கவலைப்படுவார்தான். ஆனால் பிறகு வேறு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டால் அவரால் தாங்க முடியாது. அந்த மட்டக்களப்புப் பிள்ளையின் தாய் என் விறாந்தையில் இருந்து அழுததை நான் பார்த்தவள்.

கேள்வி: நிலாவெளியில் ஒரு ரூமில் நாங்கள் நான்கு பொடியன்கள். வீட்டுக்காரர் காஸ் அடுப்பு வைக்க விடமாட்டார், ரைஸ் குக்கருக்கும் கரண்ட் பில் கூடும் என்று முறைக்கிறார். சோறு மட்டும் போட்டுவிட்டுக் கறி கடையில் வாங்குகிறோம். நாங்கள் யாரும் சமைத்துப் பழகியவர்கள் இல்லை. என்ன செய்யலாம்? (வவுனியா மாணவர்)

பதில்: தம்பி, முதலில் வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். சாதாரண ரைஸ் குக்கர் 700 வாட் அளவில் இருக்கும். அரை மணித்தியாலம் ஓடினால் 0.35 யூனிட், அதாவது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். மாதம் இவ்வளவு யூனிட், இந்தாருங்கள் காசு என்று நீங்களே முன்வந்து கொடுத்தால் பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். கேட்காமல் ஒளித்து வைத்துச் சமைக்க வேண்டாம்.

இனி அந்த ஒரு குக்கரிலேயே முழுச் சாப்பாடும் ஆகும். மூன்று சுண்டு அரிசி, ஒரு சுண்டு மைசூர்ப் பருப்பு, இரண்டையும் கழுவிப் போடுங்கள். ஒரு பெரிய வெங்காயம், நாலு பல் உள்ளி, இரண்டு பச்சைமிளகாய் வெட்டிப் போட்டு, அரைத் தேக்கரண்டி மஞ்சள், உப்பு, ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய். தண்ணீர் எட்டுச் சுண்டு, நாட்டரிசி என்றால் ஒன்பது. கொதிக்கத் தொடங்கியதும் வடிவாகக் கழுவிய நாலு முட்டையை ஓட்டோடு மேலே வையுங்கள். சுவிட்ச் தானாக மேலே ஏறியதும் மூடியைத் திறந்து, முட்டையை எடுத்துவிட்டு, பொடியாக வெட்டிய கீரையை இரண்டு கைப்பிடி தூவிக் கிளறி, பத்து நிமிடம் மூடி வையுங்கள். கீரை அந்த ஆவியிலேயே வெந்துவிடும். முருங்கை, முளைக்கீரை இரண்டும் நல்லது. கங்குன் என்றால் தண்டை மெல்லிசாக வெட்டுங்கள். சோறு, பருப்பு, முட்டை, கீரை நாலும் ஒரே பாத்திரத்தில். இதைச் செய்ய யாருக்கும் சமையல் தெரிந்திருக்கத் தேவையில்லை.

பக்கத்தில் தொட்டுக்கொள்ள நெருப்புத் தேவைப்படாத சாமான் நிறைய இருக்கிறது. ஒரு திருவலை வாங்குங்கள். தேங்காய்ப்பூ, இடித்த செத்தல் மிளகாய், நிலாவெளிச் சின்ன வெங்காயம், தேசிப்புளி, உப்பு பிசைந்தால் சம்பல். மீன் ரின் ஒன்றை உடைத்து வெங்காயம், பச்சைமிளகாய், தேசிப்புளி போட்டால் நாலு பேருக்கு ஒரு வேளை. திறந்த ரின்னை மறுநாளைக்கு வைக்காதீர்கள். சோயாமீட்டை முதலில் வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, அரிசி போடும்போதே தூளோடு சேர்த்துப் போடலாம். கிழமையில் இரண்டு நாள் பருப்புக்குப் பதில் இரவே ஊறவைத்த பயறு போடுங்கள். ஒரே சாப்பாடு பத்து நாள் தொடர்ந்தால் பதினோராம் நாள் கொத்துக் கடைக்குக் கால் போகும், அது எனக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. சோற்றைப் போட்டுவிட்டுப் பிளக்கைக் கழற்றி மூடி வைத்து, பின்னேரம் வகுப்பு முடிந்து வந்து சாப்பிடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒரு கிருமியின் வித்து வேகும்போதும் சாகாது. வெதுவெதுப்பான சோற்றில், அதுவும் நம்முடைய ஊர் வெக்கையில், பெருகி நஞ்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பரீட்சை நேரத்தில் வாந்தியோடு வந்த பிள்ளைகளில் பலருக்கு நான் கேட்ட முதல் கேள்வி "சோறு எத்தனை மணிக்குப் போட்டது?" என்பதுதான்.

கேள்வி: நான் மலையகத்திலிருந்து படிக்க வந்தவள். எங்கள் ஊருக்கு மீன் ஐஸ் பெட்டியில் வரும், அல்லது கருவாடு. இங்கே சந்தையில் இவ்வளவு மீனைப் பார்த்தாலே எதை வாங்குவது என்று தெரியவில்லை. மலிவான சின்ன மீனில் சத்து உண்டா? ஒருமுறை பின்னேரம் விலை குறைத்துக் கொடுத்த சூரை மீனை வாங்கிச் சமைத்தோம். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் கடித்தது. எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாதா?

பதில்: இந்தக் கடிதத்தைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் மீனைப் பற்றிக் கதைக்க எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. திருகோணமலையில் இருந்துகொண்டு ஒரு பிள்ளை பிஸ்கட் சாப்பிட்டு மெலிகிறது என்றால் அதைவிட வேதனை வேறு இல்லை. கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது.

முதலில் அந்தக் கடி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது மீன் ஒவ்வாமையாக இல்லாமல், பழுதான மீனாக இருக்கவே இடமுண்டு. சூரை, கும்பளா, சாளை, சூடை போன்ற மீன்கள் பிடித்தபின் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். மணத்தில் தெரியாமலும் இருக்கலாம். சமைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்டுச் சில நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவக்கும், கடிக்கும், தலை இடிக்கும். அதே மீனைச் சாப்பிட்ட உங்கள் தோழிகளுக்கும் அப்படி வந்ததா என்று கேட்டுப் பாருங்கள். வந்திருந்தால் குற்றம் மீனில். உங்களுக்கு மட்டும் வந்திருந்தால், அல்லது நல்ல மீனைச் சாப்பிட்டும் திரும்ப வந்தால், மீனை நிறுத்திவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள். மூச்சு இழுத்தாலோ நாக்கு, உதடு வீங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிரிட்ஜ் இல்லாத பிள்ளைகளுக்கு நான் சொல்லும் ஒழுங்கு ஒன்றுதான். காலையில் வாங்கு, மத்தியானத்துக்குள் அடுப்பில் ஏற்று. பின்னேரம் விலை குறைத்துத் தரும் மீனைத் தொடாதே. கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, விரலால் அமத்தினால் சதை திரும்ப எழும்ப வேண்டும். செவுள் மண்ணிறமாக இருந்தால் தாண்டிப் போங்கள்.

எதை வாங்குவது? சூடை, கீரி, நெத்தலி, காரல். இவைதான் உங்கள் மீன். பாரையும் அறக்குளாவும் கலியாண வீட்டுக்கு. சின்ன மீனில் சத்து உண்டா என்று கேட்டீர்கள். பெரிய மீனில் முள்ளை எறிந்துவிடுகிறோம், நெத்தலியையும் சூடையையும் மொறுமொறுப்பாகப் பொரித்தாலோ புளியில் நெடுநேரம் வற்ற வைத்தாலோ முள்ளோடு சாப்பிடலாம். அந்த முள் முழுக்கக் கல்சியம். பால்மா வாங்க வசதியில்லாத வீட்டுத் தாய்மாருக்கு நான் கிளினிக்கில் சொன்னது இதைத்தான். இரும்பும் மீனில் இருப்பது கீரையில் இருப்பதைவிட உடம்பில் இலகுவாகச் சேரும்.

சல்லியிலும் நிலாவெளிப் பக்கத்திலும் விடிய வேளையில் கரைவலை இழுப்பார்கள். வலை கரைக்கு வரும்போது போய் நின்றால் சந்தை விலையிலும் குறைவாக வாங்கலாம். எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருத்தி ஒரு நாள் கயிற்றில் கை வைத்து இழுத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு கைப்பிடி நெத்தலியை ஷோலில் முடிந்துகொண்டு வந்தாள். சித்திரை தொடக்கம் புரட்டாசி வரை இந்தக் கரையில் கடல் அடங்கியிருக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களும் அந்த மாதங்களில் இங்கே வந்து வாடி போட்டுத் தொழில் செய்வார்கள், சின்ன மீன் மலியும். கார்த்திகை, மார்கழியில் வாடைக் கடல் கொந்தளிக்கும், விலை ஏறும். அப்போது முட்டைக்கும் நெத்தலிக் கருவாட்டுக்கும் மாறிவிடுங்கள். கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து அந்த உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள்.

சமைக்கும் விதம் இதுதான். சட்டியில் கொஞ்சம் எண்ணெய், வெந்தயம், உள்ளி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை வதக்கி, தூளும் உப்பும் போட்டுப் புளி கரைத்து ஊற்றுங்கள். கொதித்து மணம் வந்ததும் துப்புரவாக்கிய சூடையை அடுக்கி, கரண்டி போடாமல் சட்டியை மட்டும் ஆட்டி, மெல்லிய நெருப்பில் வற்ற விடுங்கள். தேங்காய்ப்பால் விடாததால் செலவு குறைவு, பால் விட்ட குழம்பைவிடத் தாங்கும். இரவிலும் மறுநாள் காலையிலும் கொதிக்க வைத்தால் மறுநாள் மத்தியானப் பெட்டி வரை வரும். அதற்கு மேல் வைக்காதீர்கள்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கும் அண்ணிக்குக் கிளினிக்கில் திரிபோஷா என்ற சத்துமா கொடுக்கிறார்கள். அவருக்கு அந்த மணம் பிடிக்காது. பரீட்சைக்குப் படிக்கும் நான் அதைச் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. அது அண்ணிக்கும் வயிற்றில் உள்ள பிள்ளைக்கும் அளந்து கொடுத்த சாப்பாடு. அவருக்கு மணம் பிடிக்காவிட்டால் தேங்காய்ப்பூ, சர்க்கரை சேர்த்து உருண்டையாகப் பிடித்துக் கொடுங்கள், பெரும்பாலும் இறங்கும். திரிபோஷா சோளம், சோயா, பால்மா சேர்ந்த மா. உங்களுக்கு வேண்டுமானால் சோளம், சோயா, பயறு, குரக்கன் நான்கையும் தனித்தனியாக வறுத்து மில்லில் கொடுத்து அரைத்து வையுங்கள். சோயாவை மணம் வரும்வரை வடிவாக வறுக்க வேண்டும், பச்சையாக இருக்கக் கூடாது. காலையில் மூன்று மேசைக்கரண்டி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடியுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு இரவும் இன்ஸ்டன்ட் நூடில்ஸ். கூடாதா?

பதில்: ஒவ்வொரு இரவும் கூடாது. கோதுமை மாவும் எண்ணெயும் உப்பும்தான் அதில் இருக்கிறது. சாப்பிடும் நாளில் தூள் பைக்கற்றில் பாதியை மட்டும் போட்டு, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, ஒரு கைப்பிடி கீரையும் போடுங்கள். கிழமைக்கு ஒரு நாள் என்றால் நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: மகன் பேராதனையில் படிக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை கிண்ணியாவுக்கு வந்து போவார். போகும்போது கோழி பொரித்துக் கட்டிக் கொடுப்பேன். மறுநாளே முடிந்துவிட்டது என்கிறார். பழுதாகாமல் நாள்பட இருக்கிற மாதிரி எதைக் கொடுத்துவிடலாம்? (ஒரு உம்மா)

பதில்: கோழியைக் கொடுங்கள், அது அன்றிரவுக்கு, உம்மாவின் கைச்சாப்பாடு. அதோடு நாள்பட நிற்பதையும் கட்டுங்கள். நெத்தலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, கழுவி வெயிலில் உலர்த்தி, எண்ணெயில் பொரித்து, செத்தல் மிளகாயும் வெங்காயமும் தனித்தனியாக மொறுமொறுவென்று பொரித்துச் சேர்த்து, ஆறியபின் போத்தலில் அடையுங்கள். தேங்காய் சேர்க்காவிட்டால், ஈரக் கரண்டி படாவிட்டால், இரண்டு கிழமை நிற்கும். வறுத்த கச்சான் ஒரு போத்தல். எள்ளுருண்டை, பயற்றம்மா. வறுத்த அரிசிமாவும் குரக்கன்மாவும் கலந்து இரண்டு கிலோ கொடுத்தால், கேத்தல் ஒன்று இருந்தாலே சுடுதண்ணீர் விட்டுக் குழைத்துச் சர்க்கரையோடு சாப்பிட்டுவிடுவார். நோன்பு மாதத்தில் சஹருக்கும் அது உதவும். தயிர்ச் சட்டி மட்டும் வேண்டாம், அந்த வெக்கையில் பஸ் கண்டி போய்ச் சேர்வதற்குள் புளித்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே பெரிய டப்பாவில் போடாமல் கிழமைக்கு ஒன்று என்று சின்னப் போத்தல்களில் (நெத்தலியை மட்டும் இரண்டு கிழமைக்கு அளவாக) பிரித்து, ஒவ்வொன்றிலும் திகதி எழுதி ஒட்டுங்கள். அறையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளும் கை வைப்பார்கள், அவர்களையும் எண்ணி அளவைக் கூட்டுங்கள்.